ஓரிரவுப் பட்டாடை

சித்திரைப் பௌர்ணமி இரவில் நமது வல்வெட்டித்துறை உறங்குவதில்லை. முத்துமாரியம்மன் கோயில் தீர்த்தத்தையொட்டி இந்திர விழா எடுக்கும் ஊர் இது. வீதியெங்கும் மின்விளக்குச் சோடனை. சந்திக்குச் சந்தி மேடை. விடியும்வரை இசையும் ஆட்டமும். அதே பௌர்ணமியில், பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில், கூத்தாண்டவர் கோயிலைச் சூழ்ந்து ஆயிரக்கணக்கான திருநங்கையர் கூடுகின்றனர். மணமகளிராய்ப் பட்டுடுத்து, நகையணிந்து, பூமுடித்து, அரவானுக்கெனத் தாலி கட்டிக்கொள்கின்றனர். மறுநாள் அரவான் களப்பலியாகிறான். தாலி அறுகிறது, வளையல் உடைகிறது, பட்டுப் போய் வெள்ளைச் சேலை வருகிறது.

இந்திர விழாவுக்கும் இத்தகையோருக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று. மணிமேகலையும் சுதமதியும் மலர்வனம் நோக்கிச் செல்லும் வழியில், விழாக்கால வீதியிலே, ஒப்பனை செய்து ஆடும் பேடு ஒருவரைச் சூழ்ந்து மக்கள் நிற்பதைச் சாத்தனார் காட்டுகிறார். சிலப்பதிகாரத்து மாதவி ஆடும் பதினோராடலுள் பேடும் ஒன்று. தொல்காப்பியரோ இவர்களை உயர்திணையிலேயே வைத்து இலக்கணம் வகுத்தார். தமிழ் மொழிக்கு இவர்கள் அந்நியரல்லர். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புகாரின் மக்கள் அந்தப் பேட்டைச் சூழ்ந்து நின்று வேடிக்கை பார்த்தனர். ஆட்டம் முடிந்தபின் அவர் எங்கே போனார், எந்த வீட்டில் உண்டார் என்பதைக் காவியம் சொல்லவில்லை. அந்தச் சொல்லாமற் போன பகுதியைப் பற்றியதே இக்கட்டுரை.

இதை எழுதத் தூண்டியது ஒரு திரைப்படம். ஜெனி லிவிங்ஸ்ரன் என்பவர் 1980களில் நியூயோர்க் நகரிற் படம்பிடித்து 1990இல் வெளியிட்ட ‘பரிஸ் இஸ் பேர்னிங்’ என்னும் ஆவணப்படத்தை நண்பர் சிலரோடு அமர்ந்து பார்த்தோம். ‘போல்றூம்’ என்று அழைக்கப்படும் ஆட்டரங்குகளைப் பற்றியது அது. படம் முடிந்ததும், இடதுசாரி இயக்கத்தில் நெடுங்காலம் உழைத்த நண்பரொருவர் கேட்டார்: “பசித்தவன் பணக்காரனின் உடுப்பைப் போட்டு ஆடினால், அது எந்த வர்க்கத்துக்குச் சேவை?” கேள்வி நியாயமானது. அதற்கு விடை காணாமல் அப்படத்தைப் புகழ்வதும் தவறு, இகழ்வதும் தவறு.

எங்கோ அமெரிக்காவில் நிகழும் கூத்து நமக்கெதற்கு என்று கேட்போரும் உண்டு. இவ்வூரிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து, அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. நமது பாட்டன்மார் பாய்மரத்திற் போய்ச் சேர்ந்த கரையை நமது சிந்தனை எட்டக்கூடாதா?

நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதி, கறுப்பு மக்களின் உழைப்பும் துயரமும் பாட்டும் குடிகொண்ட இடம். ஆண்கள் பெண்ணுடை அணிந்து தோன்றும் ஆட்ட விருந்துகளை அங்கே ஹமில்டன் லொட்ஜ் என்ற சங்கம் 1869 முதலே நடத்தி வந்தது. காலப்போக்கில் இத்தகைய அழகுப் போட்டிகள் பெருகின. ஆனால் அங்கும் நிறவெறி புகுந்தது. வெள்ளை முகங்களுக்கே முடி சூட்டப்பட்டது. 1967இல் நடந்த ஒரு போட்டியில் கிறிஸ்டல் லபீஜா என்ற கறுப்பினப் போட்டியாளர் இந்த அநீதியைக் கண்டு கொதித்து மேடையை விட்டு வெளியேறினார். அக்காட்சி மறுஆண்டு வெளிவந்த ‘த குயீன்’ என்ற படத்திற் பதிவாகியுள்ளது. பின்னர் அவரும் அவரைச் சேர்ந்தோரும் தமக்கென ‘லபீஜா வீடு’ என்ற அமைப்பை உருவாக்கினர். அதைத் தொடர்ந்து பல வீடுகள் தோன்றின.

‘வீடு’ என்பது இங்கே வெறும் பெயரன்று. பெற்றோர் துரத்திவிட்ட தன்பாலீர்ப்பினரான இளைஞரையும் திருநங்கையரையும் ‘தாய்’ என்ற நிலையிலுள்ள மூத்தவரொருவர் ஏற்று வளர்க்கிறார். அவர்கள் அவ்வீட்டின் பெயரையே தம் குடும்பப் பெயராகக் கொள்கின்றனர். நமது தமிழகத் திருநங்கையர் மூத்தவரைத் தாயாகவும் இளையவரை மகளாகவும் தத்தெடுத்து வாழும் முறை இதனோடு எத்துணை ஒத்திருக்கிறது! ஒருவரை ஒருவர் பார்த்து இவர்கள் இதைக் கற்கவில்லை. வாசலுக்கு வெளியே தள்ளப்பட்டோர் எந்த நாட்டிலும் தமக்கொரு வாசலைத் தாமே கட்டிக்கொள்கின்றனர்.

இந்த வீடுகள் ஒன்றோடொன்று போட்டியிடும் களமே ஆட்டரங்கு. வீடுகளிற் சில, ‘சனெல்’, ‘சன்லோரன்’ என்று பிரெஞ்சு ஆடை நிறுவனங்களின் பெயரையே சூடிக்கொண்டன. ‘வோக்’ என்னும் நாகரிகச் சஞ்சிகையின் பக்கங்களிற் காணும் நிற்கைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து எழுந்த நடனத்துக்கு அச்சஞ்சிகையின் பெயரே வாய்த்தது. போட்டிப் பிரிவுகளோ வியப்பானவை. இளவரசியாகத் தோன்றல், படைவீரனாகத் தோன்றல், பல்கலைக்கழக மாணவனாகத் தோன்றல், பெருநிறுவன அதிகாரியாகத் தோன்றல். அசலென்று நம்பும்படி யார் தோன்றுகிறாரோ அவருக்கே பரிசு. ஓர் இளைஞன் கோட்டும் கழுத்துப்பட்டியும் கைப்பெட்டியுமாக நடந்து வருகிறான். அவனுக்கு அந்த வேலையை எந்த நிறுவனமும் தரப்போவதில்லை. அது அவனுக்கும் தெரியும், பார்ப்போருக்கும் தெரியும். வாய்ப்புக் கிடைத்திருந்தால் நானும் இதைச் செய்திருப்பேன் என்பதே அந்த நடையின் பொருள். இதைக் கனவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இது ஒரு குற்றப்பத்திரிகையும் ஆகும்.

நண்பரின் கேள்வியை அமெரிக்காவிலேயே எழுப்பியவர் உண்டு. கறுப்பினப் பெண்ணியத் திறனாய்வாளர் பெல் ஹூக்ஸ், 1992இல் வெளிவந்த தம் நூலொன்றில் இப்படத்தைக் கடுமையாக விமர்சித்தார். இவர்கள் போற்றுவது ஆளும் வர்க்கத்து வெள்ளைப் பெண்ணின் அழகையே அன்றோ? வெளியிலிருந்து வந்த வெள்ளையரொருவர் எடுத்த படம், அவர்களது துயரத்தைப் பார்வையாளருக்குக் கேளிக்கையாக்கிவிடவில்லையா? இவ்விரு வினாக்களும் அவருடைய கட்டுரையின் உயிர்நாடி. இவற்றை அலட்சியம் செய்ய நமக்கு உரிமையில்லை. அடிமைப்பட்டோர் ஆண்டானின் அழகையே அழகெனக் கொள்வது நாம் அறியாத நோயன்று. ஆங்கிலேயரின் தொப்பியும் சப்பாத்தும் அணிந்து தம்மவரையே ஏசிய கனவான்களை நமது மண்ணும் கண்டிருக்கிறது.

ஆயினும் பெல் ஹூக்ஸின் கருத்தோடு நாம் முழுமையாக உடன்படவில்லை. காரணம் நமது சொந்த வரலாறே.

தென்திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிவதை உயர்சாதியார் தடுத்தனர். 1822இல் மூண்ட தோள்சீலைக் கலகம் விட்டுவிட்டு 1859 வரை நீடித்தது. சந்தையிலும் தெருவிலும் பெண்களின் சீலை கிழிக்கப்பட்டது. வீடுகளும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. ஈற்றில், 1859 யூலை 26ஆந் திகதி மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் பிரகடனம் வெளிவந்தது. அதை ஊன்றிப் படிப்போர் ஒரு விந்தையைக் காண்பர். நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம்; கடலோர முக்குவப் பெண்களைப் போல முரட்டுத்துணி போர்த்தலாம்; வேறெவ்வகையிலும் உடலை மறைத்துக்கொள்ளலாம். ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் மட்டும் அணியலாகாது!

சண்டை உடலை மறைப்பது பற்றியது மட்டுமாக இருந்திருந்தால், இந்தக் கடைசி நிபந்தனை எதற்கு? ‘துணி வேண்டுமா, தருகிறோம், எங்கள் துணியைக் கேளாதே’ என்கிறது அரண்மனை. அந்தப் பெண்கள் கேட்டதோ அதே சீலையைத்தான். அவர்கள் உயர்சாதிப் பெண்ணின் அழகுக்கு அடிமைப்பட்டுவிட்டார்கள் என்று எந்த முற்போக்காளனாவது சொல்வானா? சொல்லமாட்டான். ஏனெனில், தடைசெய்யப்பட்டவர் அணியும்போது அந்தச் சீலையின் பொருளே மாறிவிடுகிறது. உயர்ந்தோர் தோளில் அது அதிகாரத்தின் அடையாளம். தடுக்கப்பட்டோர் தோளில் அது தடையை மீறியதன் அடையாளம்.

திருவிதாங்கூர் வரையும் போவானேன்? நமது யாழ்ப்பாணத்து நிலவுடைமைச் சமுதாயம் என்ன செய்தது? ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேற்சட்டை அணியலாகாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டியை இறக்கலாகாது, தோளிற் சால்வை கூடாது, காலிற் செருப்புக் கூடாது, பொன் நகை கூடாது, குடை பிடிக்கலாகாது, கலியாணத்திலும் சாவீட்டிலும் மேளம் ஒலிக்கலாகாது. இவை இருபதாம் நூற்றாண்டிலும் ஊருக்கு ஊர் நடைமுறையில் இருந்த விதிகள். கே. டானியல் தம் ‘பஞ்சமர்’ நாவலில் (1972) சித்திரித்த உலகம் இதுவே. இரவு முழுவதும் கொட்டகையில் அரிச்சந்திரனாகப் பட்டும் முடியும் தரித்துச் சபையை அழவைத்த கலைஞன், விடிந்ததும் தேநீர்க் கடைக்கு வெளியே நின்று சிரட்டையிற் குடித்த காலம் அது. இரவில் அரசன், பகலில் தீண்டத்தகாதவன். வேடத்துக்குக் கைதட்டிய அதே கைகள்தாம் கிணற்று வாளியைத் தடுத்தன. பிறப்பாலும் வசதியாலும் இத்தடைகளின் சுமையை அறியாது வளர்ந்த நம்போன்றோர் இதைச் சொல்லும்போது வெட்கத்தோடுதான் சொல்ல வேண்டும்.

இந்த வரலாற்றை மனத்திற்கொண்டு பார்த்தால், ஆடம்பரம் என்பதன் இயல்பு விளங்கும். பட்டுக்குப் பெருமை பட்டுப்பூச்சியால் வந்ததன்று. பிறர் அதை அணிய முடியாமையால் வந்தது. சாதிச் சமுதாயம் அந்த முடியாமையைக் கட்டளையால் ஏற்படுத்தியது. முதலாளித்துவம் அதை விலையால் ஏற்படுத்துகிறது. கட்டுநாயக்காவில் 1978இல் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது முதல், நமது நாட்டு ஏழைப் பெண்கள் மேல்நாட்டு நிறுவனங்களுக்காக ஆடை தைத்து வருகின்றனர். தாம் தைத்த சட்டையைக் கடையில் வாங்க அவர்களது சம்பளம் போதாது. ‘அணியாதே’ என்று எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. விலைச்சீட்டே அதைச் சொல்கிறது. ஆகவே, ஹார்லெமின் ஏழை இளைஞன் பிரெஞ்சு நாகரிக நிறுவனத்தின் பெயரைத் தன் வீட்டுக்குச் சூட்டும்போது, அவன் அந்த நிறுவனத்தைத் தொழுகிறான் என்பது பாதி உண்மை. அதன் வேலியைப் பிடுங்குகிறான் என்பது மறுபாதி.

ஆனால் வேலி பிடுங்கியவனுக்கு நிலம் கிடைத்ததா? இங்கேதான் நண்பரின் கேள்வி மீண்டும் உயிர்பெறுகிறது.

ஹார்லெமில் டப்பர் டான் என்று பெயர்பெற்ற டானியல் டே என்ற தையற்கலைஞர் 1982இல் ஒரு கடை திறந்தார். குச்சி, லூயி வித்தோன், ஃபெண்டி ஆகிய நிறுவனங்களின் இலச்சினைகளைத் தாமே தோலில் அச்சிட்டு, அந்நிறுவனங்கள் கனவிலும் எண்ணாத உடுப்புகளைக் கறுப்பினப் பாடகருக்கும் குத்துச்சண்டை வீரருக்கும் தைத்துக் கொடுத்தார். நிறுவனங்கள் வழக்கும் சோதனையுமாகத் தொடர்ந்தன. 1992இல் கடை மூடப்பட்டது. கால் நூற்றாண்டு கழிந்து 2017இல் குச்சி நிறுவனம் ஒரு மேற்சட்டையைக் காட்சிக்கு வைத்தது. அது, ஒலிம்பிக் ஓட்ட வீராங்கனை டயான் டிக்சனுக்காக டான் முன்பு தைத்ததன் நகல் என்பதைப் பார்த்தவர் கண்டுகொண்டனர். கண்டனம் எழுந்த பின்னரே நிறுவனம் அவரோடு உடன்பாடு செய்தது. 2018இல் அதன் ஆதரவோடு ஹார்லெமில் அவருடைய தையற்கூடம் மீண்டும் திறக்கப்பட்டது. ஏழை எடுத்தால் திருட்டு; நிறுவனம் எடுத்தால் கலை. எடுத்ததற்கு விலை கொடுக்க வைத்தது நிறுவனத்தின் மனச்சாட்சியன்று; மக்களின் கூக்குரலே.

ஆட்டரங்குக்கும் இதுவே நேர்ந்தது. மடோனாவின் ‘வோக்’ என்ற பாடல் 1990இல் உலகெங்கும் ஒலித்தது. அந்நடனத்தை ஆக்கியோரிற் பெரும்பாலார் இருந்த இடத்திலேயே இருந்தனர். ‘பரிஸ் இஸ் பேர்னிங்’ படம் பரிசுகளும் பணமும் ஈட்டியபோது, அதில் தோன்றியோர் தம் பங்கைக் கேட்டனர். ஈற்றில் சுமார் 55,000 டொலர் பதின்மூவரிடையே பகிரப்பட்டது. 2016இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அப்படம் இடம்பெற்றது. ஆனால் அதில் தோன்றி, ஒரு நல்ல வீடும் வாழ்வும் வேண்டுமென்று ஆசைப்பட்ட வீனஸ் எக்ஸ்ட்ராவகன்சா என்ற 23 வயதுத் திருநங்கை, படம் முடிவதற்குள்ளேயே, 1988 டிசெம்பரில், நியூயோர்க் விடுதியொன்றிற் கொலையுண்டார். மேடையில் அசல் என்று பரிசு பெற்ற உடலைத் தெரு மன்னிக்கவில்லை.

இப்போது மீண்டும் கூவாகத்துக்கு வருவோம். விழாவையொட்டி விழுப்புரத்தில் ‘மிஸ் கூவாகம்’ அழகுப் போட்டி நடைபெறுவதுண்டு. பத்திரிகைகள் வண்ணப்படம் வெளியிடுகின்றன. அமைச்சரும் நடிகரும் மேடையேறுகின்றனர். முடி சூட்டப்பட்டவருக்கு மறுவாரம் வாடகைக்கு வீடு கொடுப்பவர் யார்? லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், சரவணன் வித்யா’ (2007) என்ற தன்வரலாற்றைப் படியுங்கள். மொழியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர், புனே நகர ரயில்களிற் கையேந்திப் பிச்சை கேட்க நேர்ந்த கதை அது. அந்நூலின் வலிமை அலங்காரத்தில் இல்லை. சேலையுடுத்தும் ஆசையைவிட, சேலையுடுத்தியபடியே அலுவலகம் போய்வர வேண்டும் என்ற ஆசையே அதில் ஓங்கி நிற்கிறது.

அந்த ஆசை நிறைவேறிய இடமும் உண்டு. தமிழ்நாட்டில் 2008இல் நலவாரியம் அமைந்தது. 2014 ஏப்ரில் 15ஆந் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் இவர்களை மூன்றாம் பாலினராக ஏற்று, தம் பாலைத் தாமே உரைக்கும் உரிமையை உறுதிசெய்தது. காவற்றுறைத் தேர்வில் ஒதுக்கப்பட்ட பிரித்திகா யாஷினி நீதிமன்றப் படிகளேறி, 2015இற் சாதகமான தீர்ப்புப் பெற்று, 2017இல் உதவி ஆய்வாளராகப் பணியேற்றார். காவற்றுறையின் காக்கியை நாம் எக்காலத்தும் போற்றியதில்லை. ஆயினும் அந்தக் காக்கிச் சட்டை, ஆயிரம் அழகுப் போட்டிகளின் பட்டைவிடப் பெறுமதி வாய்ந்தது என்று சொல்லத் தயங்கமாட்டோம். ஆட்டரங்கில் அதிகாரியாகத் தோன்றியவனுக்குக் கிடையாத ஒன்று அவருக்குக் கிடைத்தது: மறுநாட் காலை.

நமது நாட்டு நிலையோ வேறு. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 399ஆம் பிரிவு ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுவது பற்றியது. மோசடிக்காரருக்கென வகுத்த அப்பிரிவு, பிறப்பிற் குறிக்கப்பட்ட பாலுக்கு மாறாக உடுத்தோரை அச்சுறுத்தவும் பயன்பட்டிருக்கிறது. ஆட்டரங்கில் எதற்குப் பரிசோ, அதுவே இங்கு குற்றம்! 2016 முதல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கைப்படி பால்நிலைச் சான்றிதழ் பெற வழி பிறந்தது உண்மையே. ஆனால் சான்றிதழ் சட்டைப்பையில் இருக்கும். ஏளனமோ சந்தியில் நிற்கும்.

அந்தச் சந்தியில் நாமும் நின்றிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் கோயில் விழா மேடையொன்றில் நம்மிடம் படித்த மாணவனொருவன் பெண்வேடமிட்டு ஆடினான். தமக்கையின் கூறைச் சேலையை இரவல் வாங்கி உடுத்திருந்தான். சபை ஆர்ப்பரித்தது. நாமும் கைதட்டினோம். அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் அவனை அழைத்த பெயர் வேறாயிற்று. சேலை களைந்த பின்னும் அவனது நடை மாறவில்லை என்பதே அவன்மீது சுமத்தப்பட்ட குற்றம். நாம் வகுப்பை அதட்டினோம், பாடத்தைத் தொடர்ந்தோம். அன்று நடத்திய பாடம் தொல்காப்பியம், உயர்திணை அஃறிணைப் பகுப்பு. அத்தவணை முடியுமுன் அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்தினான். அவன் வீட்டுக்குப் போய் அழைத்துவர வேண்டும் என்று இருமுறை எண்ணினோம். போகவில்லை.

ஆகவே நண்பரின் கேள்விக்கு நமது விடை இது. பணக்காரனின் உடுப்பைப் பசித்தவன் அணிவது தன்னளவில் அடிமைத்தனமுமன்று, விடுதலையுமன்று. அது ஓர் உரிமைக் கோரிக்கை. கோரிக்கையை ஒரு மேடைக்குள், ஓர் இரவுக்குள் அடைத்துவைத்துக் கைதட்டுவது ஆளுவோருக்கு இலகு. அதை விலைபேசி விற்பது முதலாளிக்கு இலாபம். முற்போக்காளரின் கடமை வேறு. அந்த உடையோடு அவர் பகலிலே தெருவில் நடக்கவும், வகுப்பில் இருக்கவும், வேலை கேட்கவும், வீடு பெறவும் துணைநிற்பதே அது. தோள்சீலைக்காகப் போராடிய பெண்கள் விழாவுக்கு உடுத்தச் சேலை கேட்கவில்லை. சந்தைக்குப் போகக் கேட்டார்கள்.

அடுத்த சித்திரைப் பௌர்ணமியிலும் இவ்வூரில் விளக்கெரியும், மேடை நிறையும். ஆடுவோரைக் கண்டு மகிழ்வோம்; அதிற் குற்றமில்லை. ஆனால் ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! விளக்கணைந்த மறுநாட் காலையில் நமது வகுப்பறையில் எந்த வாங்கு வெறுமையாக இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எண்ணியதோடு நின்றுவிடாதீர்கள், நாம் போகாத அந்த வீட்டுக்கு நீங்களேனும் போய்க் கதவைத் தட்டுங்கள்.